கிண்ணத்தைத் தரமாட்டேன் மிஸ்

புத்தருக்குப் படைக்கிற தானத்துக்குச் சமைக்கிற நாளில் இராஜகுமாரி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் சுமனா மிஸ் வீட்டுக் குசினிக்குள் நுழைந்ததும் வெள்ளைத் துணியொன்றை மடித்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். புத்த பூஜைக்கு வைக்கிற சோற்றில் சமைக்கிறவரின் மூச்சு படக்கூடாது. உப்புப் பார்க்கிறேன் என்று ஒரு சொட்டுக்கூட உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கக்கூடாது. உப்புப் போதுமா என்பதை அவர் கொதி வரும்போது எழும் வாசனையிலேயே பிடித்துவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை.

ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர் இராஜகுமாரி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோயிற்று. கலியாணம் கட்டிக் குண்டசாலைக்கு வந்த பிறகு, புருஷன் கறுப்பையா கண்டி மரக்கறிக் கடையொன்றில் மூட்டை தூக்கினார், இவர் வீடுகளில் சமைத்தார். அப்படித்தான் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியையான சுமனா மிஸ்ஸின் வீடு வாய்த்தது. வெள்ளிக்கிழமை விரதமும் ஆடி மாதக் கூழும் ஒரு வருடமும் தவறவிடாதவர். அதே கையால் மிஸ் வீட்டுத் தானத்தையும் அதே பயபக்தியோடு சமைத்தார். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இருப்பதாக அவர் மனம் நினைத்ததேயில்லை.

ஆனால் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புத்த பூஜைக்கான சின்னக் கிண்ணம் தயாரானதும், மிஸ்ஸின் தங்கை நந்தா நோனா குசினி வாசலில் வந்து நிற்பார். இரண்டு கையிலும் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்திருப்பார். இராஜகுமாரி அதில் கிண்ணத்தை வைத்துவிட வேண்டும். அதோடு அவர் வேலை முடிந்தது. பிறகு சாமி அறையிலிருந்து "சாது, சாது, சாது" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வது சுவரைத் தாண்டிக் கேட்கும். இராஜகுமாரி கேஸ் சிலிண்டரைப் பார்த்தபடி கை கூப்புவார்.

ஒன்பது வருடத்துக்கு முன் நந்தா நோனா காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு பௌர்ணமிப் போயா நாள். கிண்ணத்தை வாங்க ஆளில்லை. இராஜகுமாரி தானே அதைத் தூக்கிக்கொண்டு குசினிப் படியைத் தாண்டினார். நாலு அடி நடந்திருப்பார். மிஸ் ஓட்டமாக வந்து கிண்ணத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடுதான் வாங்கினார்.

"விடுங்கோ ராஜகுமாரி, உங்களுக்குக் கஷ்டம்."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து கறுப்பையாவிடம் கேட்டார்.

"நாலு அடி நடக்குறதுல எனக்கு என்னங்க கஷ்டம்?"

"அது அவங்க சாமி. ஒனக்கு ஏன் இந்த வம்பு?"

"சாமிக்குச் சாப்பிடத் தெரியுது. சமைச்சவ மூஞ்சியப் பாக்கத் தெரியாதா?"

கறுப்பையா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். அந்தக் கேள்வி அப்படியே இராஜகுமாரியின் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டது.

போன வருடம் மிஸ் ஒரு யாத்திரைக்கு ஆள் சேர்த்தார். சீனாவில் குவாங்சோ என்கிற பெரிய பட்டணத்துக் கோயில்களைக் கும்பிட்டுவர ஆறு நாள் பயணம். மொத்தம் பதினெட்டுப் பேர். எல்லாரும் வயது போனவர்கள். சீனச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துவராது என்று பயந்தார்கள். மிஸ் குசினிக்கு வந்து, பாதி சிங்களமும் பாதி தமிழுமாகக் கேட்டார்.

"ராஜகுமாரி, நீங்க வாங்கோ. டிக்கட், பாஸ்போட் எல்லாம் நாங்க பார்க்கிறது. ரைஸ் குக்கர் ரெண்டு கொண்டுபோறது. சமைச்சுத் தந்தாப் போதும்."

இராஜகுமாரி அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினார்.

"வர்றேன் மிஸ். ஆனா ஒண்ணு. அங்க ஒரு கோயில்லயாவது பூசைக் கிண்ணத்த நாந்தான் கொண்டுபோய் வைப்பேன். சரின்னா வர்றேன்."

மிஸ் சிரித்தார். "பார்ப்போம், பார்ப்போம்."

"பாப்போம்னா இல்லன்னுதான் அர்த்தம்" என்றார் வீட்டில் கறுப்பையா.

"அவங்களுக்கு அப்பிடி. நான் சரின்னு எடுத்துக்கிட்டேன்."

தெருக் குழாயடியில் பக்கத்து வீட்டுப் பாலம்மா விடவில்லை. "பேரும் ராஜகுமாரி, இப்ப ஏரோப்பிளேன்லயும் ஏறப் போறா. அங்க போயும் சட்டிதானே கழுவப் போற?"

"ஆமாடி. ஆனா சீனாச் சட்டி. ஒனக்கு ஒண்ணு கொண்டாரட்டா?"

கண்டியில் புடவைக் கடையொன்றில் வேலை செய்யும் மகள் சர்மிளா தன்னுடைய வெள்ளைச் சப்பாத்துகளைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தாள். "சனவரி மாசம் அங்க குளிருமாம். செருப்பு சரிவராதும்மா. பத்திரமாத் திருப்பிக் கொண்டாங்க, எனக்கு இருக்கிறது இந்த ஒரு சோடிதான்."

இராஜகுமாரி சப்பாத்தோடு இன்னொரு சாமானையும் பையில் வைத்தார். வீட்டில் மாரியம்மன் படத்துக்கு முன் வெள்ளிக்கிழமைகளில் வைக்கும் எவர்சில்வர் கிண்ணம். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. அதை ஏன் எடுத்துப்போகிறார் என்று யாருக்கும் சொல்லவில்லை.

குவாங்சோவில் அவர்களைக் கூட்டிப் போனவர் கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவைச் சேர்ந்த ரிஸ்கான். நாற்பதைத் தாண்டியவர். பதினைந்து வருடமாகப் பைகளும் விளையாட்டுச் சாமான்களும் வாங்க அந்த ஊருக்குப் போய்வந்து சீனம் பேசப் பழகியவர். வியாபாரம் படுத்த பிறகு யாத்திரைக்காரர்களைக் கூட்டிப் போகும் வேலையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் நாளே அவருக்கு வேலை வந்தது. பதினான்காம் மாடியில், ஹோட்டல் அறைக்குள் இராஜகுமாரி செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்தார். கூரையில் இருந்த மணி ஊரைக் கூட்டியது. ஹோட்டல் பெண்ணொருத்தி தீயணைக்கும் குழாயோடு ஓடிவந்தாள்.

"அல்லாவே! என்னக்கா செஞ்சீங்க?" என்று ரிஸ்கான் தலையில் கை வைத்தார்.

"பருப்புக்குத் தாளிச்சேன் தம்பி. அதுக்குப் போயி இந்தச் சத்தமா? எங்க தோட்டத்து லயத்து வீட்டுல இப்பிடி மணி இருந்திருந்தா வருசம் முழுக்க அடிச்சிருக்கும்."

அந்தப் பெண்ணுக்கு ஒரு தட்டில் சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்தார். அவள் கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த தடவை யன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கும்படி கையால் காட்டிவிட்டுப் போனாள்.

மூன்று நாளில் நாலு கோயில் பார்த்தார்கள். நாலிலும் இராஜகுமாரிக்கு பஸ்தான். "பைகளைப் பார்த்துக்கோங்கோ" என்று மிஸ் சொல்வார். கிண்ணத்தை நந்தா நோனா வாங்கிக்கொண்டு இறங்கிப் போவார். ஒவ்வொரு கோயிலிலும் வாசலுக்குப் பக்கத்தில் மேசையடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். இராஜகுமாரி யன்னல் வழியே கூரை மட்டும் பார்த்தார்.

ஐந்தாம் நாள் கடைசிக் கோயில். பட்டணத்தின் நடுவில் இருக்கிற பெரிய கோயில். மறுநாள் விமானம். இன்றைக்கு இல்லையென்றால் என்றைக்கும் இல்லை.

காலையில் எழுந்து மிஸ்ஸின் வெள்ளிக் கிண்ணத்துக்கு வழக்கம்போலச் சோறும், பருப்பும், போஞ்சியும், பூசணியும் வைத்தார். மிஸ் வீட்டு முறைப்படி வெங்காயமும் வெள்ளைப்பூடும் போட்ட கறிகள். அதன் பிறகு சட்டியைக் கழுவி, மறுபடி கையைக் கழுவி, வாயைக் கட்டி, இன்னொரு பிடி அரிசி போட்டார். பருப்பில் மஞ்சளும் உப்பும் தேங்காய்ப்பால் மாவும் மட்டும். வெங்காயம் இல்லை, பூடு இல்லை. ஆடி வெள்ளியில் அம்மனுக்கு எப்படி வைப்பாரோ அப்படி. தன் கையால் வைக்கப் போகிற சோற்றைத் தனக்குத் தெரிந்த முறையில்தானே ஆக்க வேண்டும்? அதை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு மூடி, துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

தெருவில் வாகனம் நகரவில்லை. மேலே ஒரு பாலம், அதற்கு மேலே இன்னொரு பாலம், இரண்டு பக்கமும் போன் கடைகள். புத்த பூஜைச் சோற்றைப் பகல் பன்னிரண்டுக்கு முன் வைத்துவிட வேண்டும். மிஸ் மணிக்கூட்டை மணிக்கூட்டைப் பார்த்தார். கூட்டத்தில் மூத்தவரான கித்சிறி ஐயா பின்சீட்டிலிருந்து சொன்னார்.

"பயப்பட வேணாம் மிஸ். கண்டியில் இப்ப ஒம்பது மணிதான்."

"புத்தர் இருக்கிறது இங்க ஐயா" என்றார் மிஸ். எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

பஸ் நின்றபோது பதினொன்று முப்பத்தைந்து. நகைக்கடைக்கும் பெரிய சந்தைக் கட்டடத்துக்கும் நடுவில், கம்பளி உடுத்த கூட்டத்துக்குள், கோயில் வாசல் தெரிந்தது. எல்லாரும் அவசரமாக இறங்கினார்கள்.

"ராஜகுமாரி, நீங்க இருங்கோ. பைகள்..."

"பை ஓடாது மிஸ். பஸ்ஸுக்குப் பூட்டு இருக்கு, டிரைவரும் இருக்காரு. நானும் வர்றேன்."

மிஸ் வாய் திறக்குமுன் அவர் இறங்கிவிட்டார்.

கோயில் வாசலில் எல்லாரும் தயங்கி நின்றார்கள். கண்டியில் என்றால் இந்த இடத்தில் காலணி கழற்ற வேண்டும். ரிஸ்கான் சிரித்தார்.

"இங்க சப்பாத்து கழட்டத் தேவல்ல. பாருங்க, எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான் போறாங்க. இந்தக் குளிருக்குக் கல்லுல கால வச்சா வெறச்சிப் போயிரும்."

எல்லாருக்கும் பெரிய நிம்மதி. இராஜகுமாரி மட்டும் குனிந்து சர்மிளாவின் சப்பாத்துகளைக் கழற்றினார். அதற்குள் காலுறையைச் சுருட்டி வைத்து, வாசலோரம் இருந்த பூச்சட்டிக்குப் பின்னால் ஒழுங்காக அடுக்கினார்.

"கழட்ட வேணாம் ராஜகுமாரி. இங்க அப்படி வழக்கம் இல்ல. ஆக்கள் பார்க்கிறது."

"பாக்கட்டும் மிஸ். வழக்கம் அவங்களுக்கு. கால் என்னோடது."

கல் பனிக்கட்டிபோல் இருந்தது. குளிர் முழங்கால் வரை ஏறியது. இராஜகுமாரி நடந்தார். மரத்தாலான வாசற்படி முழங்கால் உயரம். நந்தா நோனா அதன்மேல் கால் வைத்து ஏறப் போக, காவல்காரர் ஓடிவந்து கையை ஆட்டினார். படியை மிதிக்கக்கூடாதாம். இராஜகுமாரி குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிதிக்காமல் தாண்டினார். காவல்காரர் அவருடைய வெறுங்காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், விலகி வழிவிட்டார்.

உள்ளே ஊர் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. முற்றத்தில் பெரிய வெண்கலத் தொட்டியில் ஊதுபத்திப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. இளம் பெண்கள் மூன்று மூன்று பத்தியை நெற்றிக்கு நேரே பிடித்து நாலு திசைக்கும் குனிந்தார்கள். அதற்குப் பின்னால் மண்டபம், பொன்நிறத்தில் மூன்று புத்தர்கள், முன்னால் நீளமான மேசை. மேசையில் தோடம்பழம், அப்பிள், பூ. மேசைக்குப் பக்கத்தில் மண்ணிற அங்கி போட்ட நரைத்த தலைப் பெண்மணி ஒருவர் காவலுக்கு நின்றார். கோயிலில் சம்பளம் இல்லாமல் தொண்டு செய்கிறவர் என்று ரிஸ்கான் சொன்னார். ரிஸ்கான் மண்டபத்துப் படிக்கு வெளியே நின்றுகொண்டு, அங்கிருந்தபடி பேச்சை மொழிமாற்றிச் சொன்னார்.

மிஸ் வெள்ளிக் கிண்ணத்தை நீட்டினார். அந்தப் பெண்மணி மூடியைத் திறந்தார். குனிந்து மோந்தார். மூடியைத் திரும்ப மூடி, இரண்டு கையையும் அசைத்தார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் மிஸ்.

"வெள்ளப்பூடு, வெங்காயம் போட்ட சோறு இந்த மேசையில வைக்க ஏலாதாம் மிஸ். இங்க புத்தருக்கு அது ஆகாதாம்."

"மற்றக் கோயில்ல வைச்சதே!"

"அங்க வாசலோட வச்சிட்டு வந்தீங்க. யாரும் தொறந்து பாக்கல்ல."

மிஸ்ஸின் முகம் வெளுத்துப்போயிற்று. நாலு கோயிலிலும் செய்த பூஜை எல்லாம் அவர் கண் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். மணி பதினொன்று ஐம்பத்தொன்று. பதினெட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

இராஜகுமாரி முன்னால் வந்து, துணியை அவிழ்த்து, எவர்சில்வர் கிண்ணத்தைத் திறந்து காட்டினார். அந்தப் பெண்மணி மோந்தார். இன்னொரு தரம் மோந்தார். பிறகு தலையை ஆட்டிச் சிரித்தார். குனிந்து இராஜகுமாரியின் காலைக் காட்டி என்னவோ கேட்டார்.

"காலு குளிரல்லியான்னு கேக்குறா அக்கா."

"குளிருதுன்னு சொல்லுங்க தம்பி. குளிரட்டும்னும் சொல்லுங்க."

மிஸ்ஸுக்கு உயிர் திரும்பி வந்தது. வெள்ளிக் கிண்ணத்தைக் கித்சிறி ஐயாவிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். ஒன்பது வருடத்துக்கு முன் நீட்டிய அதே கைகள். அதே சிரிப்பு.

"நல்ல வேளை. தாங்கோ ராஜகுமாரி, நான் வைக்கிறேன். நேரம் போகுது."

இராஜகுமாரி கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"தரமாட்டேன் மிஸ்."

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை போலிருந்தது. "என்ன?"

"கிண்ணத்தத் தரமாட்டேன். நானே வைப்பேன்."

"ராஜகுமாரி, இது விளையாட்டு இல்ல. புத்த பூஜை. எங்க பதினெட்டுப் பேர் பேரில வைக்கிறது."

"தெரியும் மிஸ். இருவத்திரண்டு வருசமாத் தெரியும். வாயக் கட்டிக்கிட்டு ஆக்கினது நானு. ஒரு நாளும் உப்ப நாக்குல வச்சதில்ல. ஒரு நாளும் சுத்தம் இல்லாம அடுப்பத் தொட்டதில்ல. இன்னும் என்ன செய்யணும்னு சொல்லுங்க. இப்பவே செஞ்சிடுறேன். ஆனா கிண்ணத்தத் தரமாட்டேன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவருக்குச் சத்தம் போட்டுப் பேசவே வராது. அங்கிக்காரப் பெண்மணிக்குப் பாஷை புரியாவிட்டாலும் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

மிஸ்ஸின் கைகள் நீட்டியபடியே இருந்தன.

"மிஸ், ஆறு நிமிசம்" என்றார் கித்சிறி ஐயா. அவர் காத்திருக்கவில்லை. வெள்ளிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து, இராஜகுமாரியின் முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்தார். பலர் சேர்ந்து ஒரு பூஜை வைக்கும்போது எல்லாரும் கிண்ணத்தைத் தொட வேண்டும், எட்டாதவர்கள் தொட்டவரைத் தொட வேண்டும். அது அவர்களுடைய முறை. அடுத்து ஒரு அம்மா இராஜகுமாரியின் தோளில் கை வைத்தார். அவர் தோளில் இன்னொருவர். நந்தா நோனா வழக்கம்போல வெள்ளைத் துணியைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவர், இரண்டு தரம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போய்த் தோடம்பழங்களை ஒதுக்கிவிட்டு அந்தத் துணியை மேசையில் விரித்தார்.

கடைசியாக மிஸ் வந்தார். நீட்டிய கைகளில் ஒன்றைக் கீழே விட்டார். மற்றதன் இரண்டு விரலைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தார். இராஜகுமாரியின் விரலுக்குப் பக்கத்தில்.

இராஜகுமாரி கிண்ணத்தை மேசையில் வைத்தார். நிமிர்ந்து நடுவில் இருந்த பொன்முகத்தைப் பார்த்தார். அம்மனிடம் பேசுகிற மாதிரியேதான் பேசினார்.

"சாமி, வர்ற வழியில ஆறிப்போச்சு. கோவிச்சுக்காம சாப்பிடு. ஆக்கினவ நாந்தான். நல்லாப் பாத்துக்க."

"சாது, சாது, சாது" என்ற குரல் எழுந்தது. இந்த முறை அது சுவருக்கு அப்பாலிருந்து வரவில்லை. தோள்மேலிருந்து, காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

வெளியே வந்தபோது பூச்சட்டிக்குப் பின்னால் சப்பாத்து இல்லை. ரிஸ்கான் ஓடித் திரிந்து விசாரித்தார். யாரோ எறிந்துவிட்டுப் போனது என்று தெருக் கூட்டுகிறவர் எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம்.

"வாசல்ல யாரும் சப்பாத்தக் கழட்டி வைக்க மாட்டாங்கக்கா இங்க. குப்பைன்னு நெனச்சிட்டான்."

"சர்மிளா என்னக் கொல்லப் போறா" என்றார் இராஜகுமாரி. அது ஒன்றுதான் அவருக்கு உண்மையான கவலை.

மிஸ் தன் பையிலிருந்து ஹோட்டலில் கொடுத்த மெல்லிய செருப்பை எடுத்தார். "போடுங்கோ. ரோட்டில எல்லாரும் பார்க்கிறது."

"அது ஒங்க காலுக்குத் தந்தது மிஸ். எனக்கு நடக்கத் தெரியும்."

நகைக்கடை வாசலைக் கடந்து, போனில் படம் பிடித்தவர்களைக் கடந்து, வெறுங்காலோடு பஸ் வரைக்கும் நடந்தார். பாதம் சிவந்து உணர்ச்சியே இல்லாமல் போயிருந்தது. ஏறி உட்கார்ந்ததும், எப்போதும் முன்சீட்டில் இருக்கும் மிஸ் வந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார்.

"இவ்வளவு பிடிவாதக்காரின்னு நான் கண்டதில்ல ராஜகுமாரி."

"நீங்க என்னக் கண்டதே இல்ல மிஸ். நடுவுல எப்பவும் குசினிக் கதவு இருந்திச்சி."

மிஸ் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஹோட்டலுக்குப் போய்ச் சேரும்வரை திரும்பவில்லை. இராஜகுமாரியும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி எதையும் அவர் செய்யவில்லை.

"இனி அந்த வீட்டுல ஒனக்கு வேலை இருக்குமா?" என்று கறுப்பையா ஊர் வந்த அன்றைக்கே கேட்டார்.

"இருந்தா நான் ஆக்குறேன். கிண்ணத்த நாந்தான் வைப்பேன். இல்லாட்டி வேற ஆளப் பாக்கட்டும்."

மிஸ் வேறு ஆளைப் பார்க்கவில்லை. அடுத்த போயாவுக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. அன்று இராஜகுமாரி வாயைக் கட்டிக்கொண்டு சமைத்தார். பருப்பில் பூடு போடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கிண்ணம் தயாரானதும் நந்தா நோனா பழக்கத்தில் குசினி வாசலில் வந்து நின்றார், கையில் வெள்ளைத் துணி. இராஜகுமாரி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார். நந்தா நோனா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார்.

சாமி அறை வாசலில் மிஸ் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை ஓடி வரவில்லை, சிரிக்கவுமில்லை. எழுந்து, கதிரையை ஒரு பக்கமாக இழுத்து வைத்தார்.

இராஜகுமாரி குசினிப் படியைத் தாண்டி ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு நடந்தார். நாலாவது அடி அந்தப் பழைய இடத்தில் விழுந்தது. நிற்காமல் ஐந்தாவது அடியை வைத்தார்.